பழைய ஃபோர்டு கார்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணே, 2014 எக்கோஸ்போர்ட் ஒண்ணு வருது. சிங்கிள் ஓனர், விலையும் படியுது. எடுக்கலாமா?"

மாதத்துக்கு ஒருமுறையாவது இப்படி ஒரு போன் வந்துவிடுகிறது. நான் மெக்கானிக் இல்லை. 2012-லிருந்து ஒரு டீசல் ஃபிகோவை வைத்து ஓட்டுகிறேன், பட்டறையில் பக்கத்தில் நின்று வேலையைப் பார்க்கும் பழக்கம் உண்டு, அதனால் தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். பெட்ரோலா டீசலா, கையில் கியர் போடுவதா ஆட்டோமேட்டிக்கா, எந்த மாதம் எந்த வருஷம் தயாரானது என்று நான் திருப்பிக் கேட்பேன். "அதெல்லாம் இன்னும் பார்க்கலையே, ஃபோர்டு நல்ல வண்டிதானே?" என்பார்கள்.

முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. "ஃபோர்டு நல்ல வண்டியா?" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. ஒரே நீல முட்டைச் சின்னத்துக்குக் கீழே பல லட்சம் கிலோமீட்டர் தாங்கக்கூடிய இன்ஜினும் உண்டு, உலகம் முழுக்க வழக்குகளைச் சந்தித்த கியர்பாக்ஸும் உண்டு. வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ், எந்த வருஷம் என்பதைத்தான்.

இது இன்று நேற்று வந்த கதையும் இல்லை. ஹென்றி ஃபோர்டு 1903-ல் கம்பெனியைத் தொடங்கி, 1908-ல் மாடல் டி-யைக் கொண்டுவந்தார். 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்றன. கிராமத்து விவசாயி தானே பிரித்து மாட்டிக்கொள்ளும் அளவுக்கு எளிமையான வண்டி என்று அதற்குப் பெயர். அதே கம்பெனிதான் 1970-களில் பின்டோவை விற்றது. பின்னால் இடித்தால் பெட்ரோல் டேங்க் உடைந்து தீப்பிடிக்கும் ஆபத்து இருந்ததால், 1978-ல் சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. பத்தாண்டுக்குள் டாரஸ் வந்தது. 1990-களில் தொடர்ந்து சில ஆண்டுகள் அமெரிக்காவிலேயே அதிகம் விற்ற கார் அதுதான். பின்டோ வைத்திருந்தவரிடமும் டாரஸ் வைத்திருந்தவரிடமும் "ஃபோர்டு எப்படி?" என்று கேட்டால் ஒரே பதிலா வரும்?

நம் ஊருக்கு வந்த ஃபோர்டில் இந்தக் கலவை இன்னும் அதிகம். 1926-லேயே இந்தியாவில் கடை விரித்து, 1950-களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் மூடிவிட்டுப் போனவர்கள், 1995-ல் மஹிந்திராவுடன் கூட்டுச் சேர்ந்து திரும்பி வந்தார்கள். முதலில் எஸ்கார்ட், பிறகு சென்னைக்குப் பக்கத்தில் உள்ள மறைமலைநகர் ஆலையிலிருந்து 1999-ல் ஐகான், 2010-ல் ஃபிகோ, 2013-ல் எக்கோஸ்போர்ட் என்று வரிசையாக வந்தன. "அமெரிக்க வண்டி, பெட்ரோலைக் குடிக்கும்" என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். ஆனால் ஃபிகோவின் 1.4 லிட்டர் டீசல் இன்ஜின் பிரான்ஸின் பெஜோ-சிட்ரோயன் குழுமத்துடன் சேர்ந்து உருவாக்கியது. எக்கோஸ்போர்ட்டை வடிவமைத்தது பிரேசில் குழு. 2016-ல் வந்த எண்டெவர் என்ற பெரிய எஸ்யூவி ஆஸ்திரேலியாவில் உருவானது. சின்னம் மட்டும்தான் அமெரிக்கா. அதை வைத்து மைலேஜையோ ஆயுளையோ கணக்குப் போட்டால் தப்பாகத்தான் போகும்.

ஆட்டோமேட்டிக் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பது

பணம் அதிகம் போவது இந்தத் தவறில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2012-ல் ஃபியஸ்டாவிலும், 2013-ல் எக்கோஸ்போர்ட் 1.5 பெட்ரோலிலும், 2015-ல் வந்த ஃபிகோ, ஆஸ்பயரின் 1.5 பெட்ரோலிலும் ஃபோர்டு கொடுத்த ஆட்டோமேட்டிக், பவர்ஷிஃப்ட் என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். உள்ளே நாம் கையால் போடும் கியர்பாக்ஸ் மாதிரியேதான் இருக்கும். கிளட்ச் மட்டும் இரண்டு. ஒன்று 1, 3, 5-வது கியருக்கு, மற்றது 2, 4, 6-க்கு. கிளட்சை மிதிக்கும் வேலையைக் கால் செய்யாது, ஒரு கம்ப்யூட்டரும் மின் மோட்டார்களும் செய்யும். அந்த இரண்டும் உலர்ந்த கிளட்ச்கள். எண்ணெயில் மூழ்கியிருந்தால் சூடு தணியும்; இதில் அந்த வசதி இல்லை. நெரிசலில் வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும். பிறகு கிளம்பும்போது ஒரு நடுக்கம் வரும். மோசமான நிலையில் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரே மக்கர் பண்ணி, ஓடும் வண்டி இழுவை இல்லாமல் நின்றுவிடுவதும் உண்டு.

இது ஏதோ ஒன்றிரண்டு பேரின் புலம்பல் இல்லை. அமெரிக்காவில் ஃபோகஸ், ஃபியஸ்டா உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2020-ல் சமரசத் தீர்வு பெற்றார்கள். ஆஸ்திரேலியாவில் இதே கியர்பாக்ஸ் உள்ள ஃபோகஸ், ஃபியஸ்டா, எக்கோஸ்போர்ட் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக, 2018-ல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

ஆனால் 2017 நவம்பரில் முகம் மாறி வந்த எக்கோஸ்போர்ட்டில் மூன்று சிலிண்டர் 1.5 பெட்ரோலோடு வந்த ஆட்டோமேட்டிக் வேறு ஜாதி. அது டார்க் கன்வெர்ட்டர் வகை, எண்ணெயில் இயங்குவது, நெரிசலுக்கு அஞ்சாதது. இந்த விவரம் தெரியாமல் 2016 வண்டியையும் 2018 வண்டியையும் "எக்கோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக்" என்று ஒரே விலைத்தட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் நிறைய. அதேபோல, யாரோ பட்ட கஷ்டத்தைக் கேட்டுப் பயந்து 2018 வண்டியை விட்டுவிடுபவர்களும் உண்டு.

இரட்டை கிளட்ச் வண்டியைத்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பழைய கார் விற்றுத்தரும் கன்சல்டிங்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ணக்கூடாது என்று. போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சுடுகிறதென்றால் அன்றைக்குத் திரும்பி வந்துவிடுவது நல்லது. ஜில்லென்று இருந்தால் எடுத்து, முதலில் காலி ரோட்டில் இல்லாமல் நெரிசலுள்ள கடைத்தெருவில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் தானாக நகர விடுங்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது ஸ்டியரிங்கில் நடுக்கம் தெரிகிறதா என்று கவனியுங்கள். கடைசியில் ஒரு மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி கிளப்புங்கள். வண்டி சூடான பிறகுதான் இந்த நோய் வெளியே தெரியும். ஐந்து நிமிட டெஸ்ட் டிரைவில் எதுவும் பிடிபடாது.

பெல்ட்டையும் ஆயிலையும் தனித்தனியாகப் பார்ப்பது

எக்கோஸ்போர்ட்டில் 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட் டர்போ பெட்ரோல் ஒன்று வந்தது. ஓட்டிப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், அவ்வளவு சுறுசுறுப்பு. அதன் டைமிங் பெல்ட், அதாவது இன்ஜினுக்குள் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் ரப்பர் பெல்ட், இன்ஜின் ஆயிலில் நனைந்தபடியே ஓடுகிற வகை. பின்னால் வந்த மூன்று சிலிண்டர் 1.5 பெட்ரோலிலும் பெல்ட் ஆயிலுக்குள்தான். உராய்வு குறையும், மைலேஜ் கூடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் ஆயில் மாற்றத் தாமதமானாலோ, கையேடு சொல்லாத ஆயிலை ஊற்றினாலோ ரப்பர் மெல்ல மெல்லச் சிதையும். அந்தத் துணுக்குகள் கீழே இறங்கி, ஆயில் பம்ப் உறிஞ்சும் இடத்தில் உள்ள சல்லடையை அடைக்கும். ஆயில் பிரஷர் விழும். அதன் பிறகு இன்ஜினைக் காப்பாற்றுவது கஷ்டம்.

சாதாரண வண்டியில் "எந்த ஆயில் ஊத்தினா என்ன, ஆயில் ஆயில்தானே" என்ற பேச்சு எப்படியோ ஓடிவிடும். இங்கே ஓடாது. எக்கோபூஸ்ட்டுக்குக் கையேடு 5டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலைக் கேட்கிறது; "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியா ஊத்தலாம் சார்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெல்ட்டுக்கு 10 ஆண்டு அல்லது 2.4 லட்சம் கிலோமீட்டர் என்று ஆயுள் சொன்னார்கள். நாம் கிலோமீட்டரைத்தான் பார்க்கிறோம், வருஷத்தைப் பார்ப்பதில்லை. 2013-ல் வாங்கிய வண்டி வெறும் 50,000 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் பெல்ட்டின் வயது முடிந்துவிட்டது. "கம்மியா ஓடின வண்டி" என்று அதற்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம், ஆனால் பெல்ட் மாற்றியதற்கான பில்லைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

2018 முதல் 2022 வரை அமெரிக்காவில் விற்ற எக்கோஸ்போர்ட்கள் நம் மறைமலைநகரில் செய்து கப்பலேறியவை. அங்கே 1.0 இன்ஜினின் ஆயில் பம்ப் பெல்ட் பிரச்சினைக்காக, 2023 கடைசியில் அந்த எக்கோஸ்போர்ட்களையும் சில ஃபோகஸ் கார்களையும் சேர்த்து ஏறத்தாழ 1.4 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள்.

டீசல் ஃபிகோவுக்கும் எக்கோஸ்போர்ட் டீசலுக்கும் பெல்ட் வெளியே, உலர்ந்த பெல்ட். ஆயில் அதைத் தொடாது. கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்றிவிட்டால் போதும். என் வண்டிக்கு மாற்றும்போது பழைய பெல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மடக்கிப் பார்த்தால் பற்களின் அடியில் மயிரிழை போல விரிசல்கள்.

ஆயிலை வடிய விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது

2.2, 3.2 லிட்டர் டீசல் எண்டெவர் வைத்திருப்பவர்களுக்கு இது. இந்த இன்ஜின்களின் ஆயில் பம்ப், ஆயிலை வடித்துவிட்டு நெடுநேரம் விட்டால் உள்ளே காற்றுப் பிடித்துக்கொண்டு, மறுபடி ஆயிலை இழுக்காமல் போகக்கூடும். ஸ்டார்ட் பண்ணினால் இன்ஜின் ஆயில் இல்லாமல் வறண்டு ஓடும். பத்து நிமிடத்துக்குள் புது ஆயில் உள்ளே போய்விட வேண்டும் என்பது இந்த வண்டிகளைத் தொடர்ந்து பார்க்கும் பட்டறைகளில் தெரிந்த விஷயம். ஆனால் எல்லாப் பட்டறைக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது. "முழுசா வடியட்டும் சார், மதியம் வாங்க" என்பதுதான் வழக்கமான பேச்சு. மற்ற இன்ஜின்களுக்கு அது நல்ல பழக்கம்கூட.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் எண்டெவருக்கு ஆயில் மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் புது ஃபில்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி வைத்தார். அப்புறம் ஆயில் டின்கள் எல்லாவற்றின் மூடியையும் திறந்து, புனலோடு இன்ஜின் பக்கத்தில் வரிசையாக வைத்தார். பையனைக் கூப்பிட்டு "போன் வந்தா எடுக்காதே" என்றார். அதன் பிறகுதான் கீழே படுத்து வடிகால் போல்ட்டைக் கழற்றினார். கொட்டும் ஆயில் நூலாக இளைத்ததுமே போல்ட்டை மூடிவிட்டார், கடைசிச் சொட்டுக்காகக் காத்திருக்கவில்லை. எண்டெவர்காரர்கள் சர்வீஸுக்கு விடும்போது இந்த ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள். மெக்கானிக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கம்பெனி போய்விட்டது என்று பயப்படுவதும், பயமே இல்லாமல் இருப்பதும்

2021 செப்டம்பர் 9-ம் தேதி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றது. 2022 ஜூலையில் மறைமலைநகரிலிருந்து கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் இழப்பீட்டுக்காக ஆலைத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டம், ஆலை வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் போனவர்களுக்கு நினைவிருக்கும்.

அறிவிப்பு வந்த வாரமே நல்ல வண்டிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் இருக்கிறார்கள். சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா, சனந்த் ஆகிய இடங்களில் உதிரிபாகக் கிடங்குகள் தொடரும், சர்வீஸும் வாரண்டியும் உண்டு என்று அன்றைக்கே சொல்லியிருந்தார்கள். ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் செட், லோயர் ஆர்ம் போன்ற அன்றாடத் தேவைகளுக்கு இன்றும் பெரிய திண்டாட்டம் இல்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவும் கூடாது. இன்ஜின் பாகங்களைவிட ஹெட்லைட், கண்ணாடி, பம்பர், தொடுதிரை, ஏர்பேக் சம்பந்தப்பட்டவைதான் தொல்லை தரும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு சர்வீஸ் சென்டரில், இந்த மாடலுக்கு ஹெட்லைட் என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று கேட்டுவிடுங்கள். அந்தப் பதிலை வைத்து விலை பேசுங்கள். நான் தேய்மானப் பாகங்களை, வண்டி நின்ற பிறகு தேடாமல், சத்தம் கேட்க ஆரம்பித்ததுமே ஆர்டர் போட்டுவிடுகிறேன்.

2025 அக்டோபரில் ஃபோர்டும் தமிழக அரசும் மறைமலைநகருக்கு ஒப்பந்தம் போட்டதைக் காட்டி, "கம்பெனி திரும்ப வருது, விலை ஏறப் போகுது" என்று சில புரோக்கர்கள் சொல்கிறார்கள். அந்த ஒப்பந்தம் இன்ஜின் தயாரிக்க, அதுவும் 2029-லிருந்து. உங்கள் ஃபிகோவின் பம்பருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அமெரிக்காவில் 2025-ல் மட்டும் ஃபோர்டு 100-க்கும் மேற்பட்ட ரீகால் (வண்டிகளைத் திரும்ப அழைப்பது) அறிவித்தது, அதனால் இங்கே உள்ள வண்டியும் மோசம் என்று சொல்வதும் இதே ரகம். அவை பெரும்பாலும் நாம் கண்ணிலேயே பார்க்காத மாடல்கள். நமக்கு வேண்டியது நம் ஊர் ரீகால். 2013-ல் பின்பக்க அச்சு, பவர் ஸ்டியரிங் ஹோஸ் ஆகியவற்றுக்காக 1,66,021 ஃபிகோ, கிளாசிக் கார்களை இந்தியாவில் திரும்ப அழைத்தார்கள். அப்போது போகாமல் விட்ட வண்டி இன்னும் அதே பழைய ஹோஸோடு கைமாறிக்கொண்டிருக்கலாம். ஆர்.சி. புக்கில் உள்ள சேசிஸ் நம்பரைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள்.

டெல்லி வண்டி விஷயத்தில் ஒரே வார்த்தை. அங்கே 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை போட்டதால் எண்டெவர் மலிவாக வந்துகொண்டிருந்தது. தடையில்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, மறுபதிவு, கொண்டுவரும் செலவு எல்லாவற்றையும் கூட்டி, உள்ளூர் வண்டியின் விலையோடு ஒப்பிட்ட பிறகு டிக்கெட் போடுங்கள்.

அந்த 2014 எக்கோஸ்போர்ட் கடைசியில் டீசல், கையால் கியர் போடுவது என்று தெரிந்தது. சர்வீஸ் பில்கள் முழுசாக இருந்தன, டைமிங் பெல்ட் மாற்றிய பில் மட்டும் இல்லை. அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு பேசச் சொன்னேன். எடுத்துவிட்டார், எடுத்த வாரமே பெல்ட்டையும் மாற்றிவிட்டார்.