கீச்சொலியும் பச்சைச் சொட்டும்: வாட்டர் பம்பை நானே மாற்றிய அனுபவம்

பதினான்கு ஆண்டுகள் ஓடிய என் பெட்ரோல் காரில், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கீச்சென்ற ஒலி எழுவதும், நிறுத்திய இடத்தில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் பச்சையாகச் சொட்டிக் கிடப்பதும் ஒரு மாதமாக நீடித்தன. டார்ச் அடித்துப் பார்த்தபோது, அத்திரவத்தை எஞ்சினுக்குள் சுழலவிடும் வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு கசிவுத் துளையிலிருந்து காய்ந்த கோடு ஒன்று இறங்கியிருந்தது. உள்ளிருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலண்டை வடித்தேன். பம்பைச் சுழற்றும் பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே, அது ஓடும் சக்கரமான பம்பு புல்லியின் போல்ட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும், ஏனெனில் பெல்ட்டின் இறுக்கம்தான் புல்லியைச் சுழலாமல் பிடித்துக்கொள்கிறது. இதை மறந்த நான் பெல்ட்டை மீண்டும் மாட்ட நேர்ந்ததில் அரை மணி நேரம் வீணாயிற்று.

பெல்ட் இல்லாதபோது பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லியை விரலால் சுழற்றினேன். மணலை அரைப்பதுபோல் கரகரத்தது. கீச்சொலியின் பிறப்பிடம் பம்பு அன்று, இதுவே. பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனர் புல்லியும் லேசாக ஆடியதால் இரண்டையும் பெல்ட்டோடு சேர்த்தே மாற்றினேன்.

அதிக நேரம் பிடித்தது பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும் வேலைதான். அலுமினியப் பரப்பில் கீறல் விழுந்தால் அங்கேயே மறுபடி கசியும் என்பதால், பிளாஸ்டிக் சுரண்டியையே பயன்படுத்தினேன். புதிய பம்பின் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கி, கையேட்டில் கண்ட அளவுக்கு முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன்.

கூலண்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றி, ஹீட்டரை முழுவதும் திறந்துவைத்து, குமிழிகள் அடங்கும்வரை எஞ்சினை ஓடவிட்டேன். மறுநாள் காலை மட்டம் ஒரு டம்ளர் அளவு இறங்கியிருந்தது. நிரப்பிய பிறகு இறங்கவில்லை.