கனடாவில் வீடு மாறிய செலவை வரியில் கழிப்பது: புதிதாக வந்தவர்களுக்கு

முதல் வரித் தாக்கலுக்கு உட்காரும்போது அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி இது: "குடும்பத்தோடு வந்த விமானச் செலவையும் பெட்டிகளை அனுப்பிய செலவையும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாமா?" பெரும்பாலானோருக்கு முடியாது. வெளிநாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிவந்த செலவுக்கு இந்தச் சலுகை பொதுவாக இல்லை. முழுநேர உயர்கல்விக்காக வந்த மாணவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் அவர்கள் கழிப்பது வரிக்கு உட்பட்ட உதவித்தொகையிலிருந்துதான். முழுநேர மாணவர்களின் உதவித்தொகைக்குப் பெரும்பாலும் வரியே இல்லாததால், கழிக்க ஒன்றும் இருக்காது.

நம்மவர்கள் கவனிக்கத் தவறுவது இரண்டாவது குடிபெயர்வை. ரொறன்ரோவில் வந்து இறங்குகிறோம், ஒரு வருடம் கழித்துக் கல்கரியிலோ எட்மன்டனிலோ வேலை கிடைத்துக் கிளம்புகிறோம். அந்தச் செலவைக் கழிக்கலாம். பல ஆயிரம் டொலர் செலவழித்துவிட்டு, இப்படி ஒரு சலுகை இருப்பதே தெரியாமல் விட்ட குடும்பங்களை நான் அறிவேன்.

வேலைக்காகவோ தொழிலுக்காகவோ மாறியிருக்க வேண்டும். அத்துடன் 40 கிலோமீட்டர் விதி ஒன்று இருக்கிறது. பழைய வீட்டுக்கும் புதிய வீட்டுக்கும் இடையிலான தூரம் என்று பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பழைய வீட்டிலிருந்து புதிய வேலையிடம் எவ்வளவு தூரமோ, அதைவிடப் புதிய வீடு குறைந்தது 40 கிலோமீட்டர் அருகில் இருக்க வேண்டும். முன்பு 52 கிலோமீட்டர், இப்போது 15 என்றால் வித்தியாசம் 37தான், சலுகை கிடையாது. வழக்கமாகப் பயணிக்கும் சாலைகளில் மிகக் குறுகிய வழியைத்தான் அளக்க வேண்டும், நேர்கோட்டை அல்ல. ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து பக்கத்து ஊரான ஏஜாக்ஸுக்கு மாறுகிறவர்கள் இந்த விதியைத் தாண்டுவது கடினம்.

லொறி வாடகை, சாமான்களைப் பாதுகாப்பாக வைத்திருந்த செலவு, குடும்பத்தின் பயணம், வழியில் தங்கியது, சாப்பிட்டது, பழைய வாடகை ஒப்பந்தத்தை முறித்ததற்குக் கட்டிய தொகை, மின்சார இணைப்பு மாற்றியது, சாரதி அனுமதிப்பத்திரத்தில் முகவரி மாற்றியது ஆகிய எல்லாம் கணக்கில் வரும். புதிய வீடு தயாராகும்வரை தற்காலிகமாகத் தங்கினால் 15 நாட்கள் வரை சேர்க்கலாம். உணவுக்குப் பற்றுச்சீட்டு இல்லாமலே கணக்கிடும் எளிய முறை ஒன்றும் உண்டு. 2020இல் அந்த வீதம் ஆளுக்கு ஒரு வேளைக்கு 23 டொலர், நாளொன்றுக்கு அதிகபட்சம் 69 டொலர் என உயர்த்தப்பட்டது. காருக்கும் கிலோமீட்டர் வீதம் இருக்கிறது. ஆகவே புறப்படும்போதும் போய்ச் சேர்ந்ததும் ஓடோமீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். வீடு பார்ப்பதற்காக முன்கூட்டியே போய்வந்த செலவு, புதிய வீட்டுக்கு வாங்கிய திரைச்சீலை, தபாலைத் திசைதிருப்பிய கட்டணம் போன்றவை சேராது. நிறுவனம் திருப்பித் தந்த செலவையும் பொதுவாகக் கழிக்க முடியாது.

புதிய இடத்தில் சம்பாதித்த வருமானத்திலிருந்து மட்டுமே கழிக்கலாம். நவம்பரில் மாறி, ஆண்டு முடிவதற்குள் 2,000 டொலர் சம்பாதித்து, செலவு 5,000 ஆகியிருந்தால், மீதி 3,000 அடுத்த ஆண்டுக்குப் போகும். அது வீணாவதில்லை.

பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். இந்தக் கழிவு நிகர வருமானத்தையே குறைக்கிறது. கனடா குழந்தை நலத்தொகையும் ஜிஎஸ்டி கிரெடிட்டும் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் தொகை) அந்த நிகர வருமானத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன. அதனால் வரி குறைவதோடு அந்த உதவிகளும் சற்றுக் கூடலாம்.

டி1-எம் (T1-M) படிவத்தில் கணக்கிட்டு, தொகையை வரித் தாக்கலின் 21900ஆம் வரிசையில் (line 21900) எழுத வேண்டும். படிவத்தையும் பற்றுச்சீட்டுகளையும் ஆறு ஆண்டுகள் பத்திரப்படுத்துங்கள். வரித்துறை பிறகு கேட்கக்கூடும்.

மொன்றியலிலிருந்து ரொறன்ரோவுக்கு மாறிய ஆண்டில் நானும் இதைக் கோரவில்லை. யாரும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் பழைய தாக்கலைத் திருத்தக் கேட்கலாம் என்று அறிந்தேன். கடந்த 10 ஆண்டுகள் வரை அப்படித் திருத்தலாம். லொறிக்குக் கொடுத்த பணத்தை வங்கி அறிக்கையில் தேடி எடுத்து, நிறுவனத்திடம் பற்றுச்சீட்டின் நகல் கேட்டு வாங்கி அனுப்பினேன். நீங்கள் ஏற்கெனவே வேறு நகரத்துக்கு மாறியிருந்தால், அந்த ஆண்டின் தாக்கலை எடுத்து 21900ஆம் வரிசை வெறுமையாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.