மலை மேல கம்மி செலவுல கல்யாணம் பண்ணணுமா, மொதல்ல வண்டி கணக்க பாருங்க

எங்க அக்கா கல்யாணத்த கோத்தகிரியில தை மாசம் முடிச்சோம், முடிச்சு ஒரு வாரம் கழிச்சு அப்பா கணக்கு நோட்டோட உக்காந்தாரு. மண்டபமோ சாப்பாடோ பெருசா போயிருக்கும்னு நாங்க நெனச்சோம், பாத்தா வண்டி வாடகைதான் எல்லாத்தையும் முழுங்கியிருக்கு. பூ வந்த வண்டி, டெக்கரேஷன் ஆளுங்க வந்த வண்டி, மேளக்காரங்க வண்டி, மறந்துபோன பொங்கபானைக்குன்னு தனியா ஒரு வண்டி. மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான், ஆனா "மலை ஏறணும்ங்களே"ன்னு ஒரு வார்த்தைய சேத்து சொன்னாங்கன்னா வாடகை எங்கயோ போயிடுது. அதனால ஊட்டி குன்னூர் பக்கமோ கொடைக்கானல் பக்கமோ கல்யாணம் வெக்கிறவங்க மொதல்ல ஒரு பேப்பர எடுத்து, எதெல்லாம் கீழ இருந்து ஏறி வரணும்னு எழுதுங்க, அப்புறம் ஒண்ணொண்ணா அடிச்சுக்கிட்டே வாங்க. பட்ஜெட்டுங்கறது அவ்ளோதான்.

தேதி. ஏப்ரல் மே வேண்டவே வேண்டாம், சீசன்ல ரூம் வாடகை கொடுமை, மலர் கண்காட்சி நேரத்துல ஊட்டி ரோட்டுல மாப்ள வண்டி நின்னுச்சுன்னா முகூர்த்தம் போயே போச்சு. ஐப்பசி கார்த்திகையில கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் எல்லாமே நனையும், மண்சரிவு ஆச்சுன்னா ரோட்டையே மூடிடுவாங்க. ஆனி ஆவணின்னா கூடலூர் பக்கம் மழை நிக்காது. அதனால தை, மாசிதான் நல்லது, குளுரும், ஆனா காயும். அதுலயும் வளர்பிறை ஞாயித்துக்கெழமைக்குத்தான் அடிதடி. நாங்க தேய்பிறை முகூர்த்தம், புதன்கெழமை புடிச்சோம், மண்டபக்காரரு கேக்காமலே கொறச்சாரு. பெரியப்பா மட்டும் ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வெச்சிருந்தாரு.

அப்புறம் இந்த காலையில நாலரை ஆறு முகூர்த்தம், தயவு செஞ்சு வேண்டாம். கீழ அது அழகு, தை மாசம் ஊட்டியில உறைபனி விழுகுற நேரம் அது. பொண்ணு பட்டுச்சேலைக்கு மேல ஸ்வெட்டர் போடும், அதுக்கு மேல மால, போட்டோவுல பாத்தா மூட்டை கட்டி வெச்ச மாதிரி இருக்கும். 9லிருந்து 10:30க்குள்ள முகூர்த்தம் இருந்தா வெயில் வந்துடும், கீழ இருந்து வர்றவங்க அன்னைக்கு காலையில கெளம்பியே வந்துடலாம், அதாவது முந்தின நாள் ராத்திரி தங்க ரூம் போட வேண்டாம். ரூம் செலவு பாதியா கொறஞ்சது இந்த ஒரு முடிவுலதான்.

ஆளு எண்ணிக்கைய பத்தி எல்லாரும் சொல்றதுதான், ஆனா மலையில வேற மாதிரி யோசிக்கணும். தலைய எண்ணாதீங்க, வண்டிய எண்ணுங்க. 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும், காசு கெடையாது, ஆன்லைன்ல எடுத்துக்கலாம், டிஎன் 43ன்னு நீலகிரி நம்பர் போட்ட வண்டிங்களுக்கு நீலகிரிக்குள்ள தேவையில்ல. 2025 ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் ஹைகோர்ட் உத்தரவுப்படி நீலகிரிக்கு ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000னு கட்டுப்பாடே போட்டாங்க. 15 கார் வந்து, பார்க்கிங் இல்லாம, வர்றவங்க ஒவ்வொருத்தரும் "பாஸ் எப்டி எடுக்குறது"ன்னு பொண்ணு வீட்டுக்கு போன் அடிச்சா என்ன ஆகும்? மாப்ள வீட்டுக்காரங்க கீழ அன்னூரு, அவங்ககிட்ட பேசி மேட்டுப்பாளையம் வரைக்கும் அவங்கவங்க வந்துடணும், அங்க இருந்து ரெண்டு வேன் நாங்க போடுறோம்னு சொல்லிட்டோம். வேனுக்கு ஒரு ஆள் பொறுப்பு, அவர் கையில எலுமிச்சம்பழமும் வாந்திக்கு கவரும். கவர்னா துணிக்கவரோ பேப்பரோ, பிளாஸ்டிக் இல்ல, அதுக்கு வர்றேன்.

நீலகிரியில 2000ங்கள்ல சுப்ரியா சாகு கலெக்டரா இருந்த காலத்துல இருந்தே பிளாஸ்டிக்க ஒழிக்கிற வேலை நடக்குது, இப்போ தண்ணி பாட்டிலே கொண்டு வர முடியாது, பிளாஸ்டிக் பூசுன பேப்பர் கப்பு, தட்டும் தடைதான். எங்க மாமா ஒருத்தரு, பாசமான மனுசன், "தண்ணி செலவு என்னுது"ன்னு இருபது கேஸ் பாட்டில ஜீப்புல ஏத்திக்கிட்டு வந்தாரு. செக்போஸ்ட்ல எல்லாத்தையும் எறக்கிட்டு, ஃபைனும் கட்டிட்டு, வெறும் ஜீப்பு வந்து சேந்துச்சு. நீங்க எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுங்க, பெரிய கேன்ல வெந்நி வெச்சுடுங்க. அந்த குளுருல பச்சத்தண்ணிய யாரு குடிக்கப்போறா.

இப்போ சாப்பாடு. சமையல் மாஸ்டர கீழ இருந்து கூட்டிட்டு வராதீங்க, எவ்வளவு பேரு வாங்குன ஆளா இருந்தாலும் சரி. ஊட்டி 2,240 மீட்டர், அங்க தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிச்சுடும், அதுக்கு மேல சூடே ஏறாது, அதனால திறந்த அண்டாவுல பருப்பு வேக மாட்டேங்குது, அரிசி நேரம் எடுக்குது, சிலிண்டர் கூடுதலா ஆகுது. கீழ பத்து மணிக்கு எறக்குற சாம்பார இங்க பதினொண்ணுக்குத்தான் எறக்க முடியும்னு தெரியாத மாஸ்டர், பந்தியில பல்லுக்கு பல்லு பேசுற பருப்பு போடுவாரு. உள்ளூர் மாஸ்டருங்க பருப்ப முன்னாடியே ஊறப்போட்டு பெரிய குக்கர்ல விட்டுடுவாங்க. இட்லியும் அப்டித்தான், தை மாச குளுருல மாவு பொங்கவே பொங்காது. எங்க மாஸ்டர் அடுப்புக்கு பக்கத்துல பாத்திரத்த வெச்சு கம்பளிய போத்தி விட்டாரு, ராத்திரி பூரா அதுக்கு ஒரு ஆள் காவல், புள்ளத்தாச்சிய பாத்துக்கற மாதிரி. இந்த தொல்லையே வேண்டாம்னா காலை டிபனுக்கு ரவா கிச்சடி, பூரி கெழங்குன்னு போயிடுங்க, கெழங்கு நம்ம ஊரு கெழங்கு.

காய் வாங்குறதுல ஒரு கூத்து இருக்கு. ஊட்டி பக்கத்துல கேத்தியில வெளையுற கேரட்டு லாரி ஏறி மேட்டுப்பாளையம் மண்டிக்கு எறங்கும், அத நம்ம மளிகை லிஸ்டுல எழுதி குடுத்தா அதே கேரட்டு மறுபடி மலை ஏறி வரும், ரெண்டு வாடகையும் நம்ம தலையில. தோட்டக்காரர்கிட்ட நேரா பேசுங்க. கேரட்டு கழுவுற மெஷின்கிட்ட போனா வளைஞ்சது, ரெண்டா பொளந்ததுன்னு தனியா ஒதுக்கியிருப்பாங்க, அல்வாவுக்கு அழகு எதுக்கு? முந்தின நாள் சாயங்காலம் எங்க பெரியம்மா, அத்தைங்க, எஸ்டேட் லைன் வீட்டு அக்காங்கன்னு பதினோரு பேரு தீ மூட்டத்த சுத்தி உக்காந்து முப்பது கிலோவ துருவுனாங்க, வெரலெல்லாம் ஆரஞ்சு கலரு, யாருக்கு மாமியார் கொடுமை ஜாஸ்தின்னு பட்டிமன்றம் வேற, அக்காவுக்கு மருதாணிய விட அந்த ராத்திரிதான் இன்னைக்கும் ஞாபகம். ஸ்வீட்டு ஒண்ணே ஒண்ணுதான் போட்டோம், கேரட் அல்வா சுடச்சுட, யாரும் இன்னொண்ணு எங்கன்னு கேக்கல.

சூடுன்னதும் சொல்றேன், இலையில சோறு விழுந்த ரெண்டாவது நிமிசம் ஆறிடும். அதனால இருபத்தஞ்சு ஐட்டம் வேஸ்ட், பன்னெண்டு ஐட்டம் சூடா போடுங்க, பந்திய அடுப்படிக்கு பக்கமா வைங்க.

எண்ணெ, வெல்லம், வாழத்தார இதெல்லாம் ராத்திரி வெளிய வெக்காதீங்க. கோத்தகிரி குன்னூர் பக்கம் கரடி மோப்பம் புடிச்சு வரும், கதவையே ஒடைக்கும். எங்களுக்கு ஒரு டின் எண்ணெ போச்சு, காலையில பாத்தா டின்ன நக்கி பளபளன்னு வெச்சிருக்கு. எச்சில் இலையையும் பள்ளத்துல கொட்டாதீங்க, காட்டெருமை வந்து நிக்கும், குழி தோண்டி மூடுங்க.

பூவுக்கு, மல்லி மட்டும் கீழ இருந்து வரட்டும், பொண்ணு தலைக்கும் மாலைக்கும் மட்டும். கொடைக்கானல்காரங்களுக்கு நிலக்கோட்டை இருக்கு, நம்ம பக்கம் சத்தியமங்கலம் மல்லி. மேடைக்கு இங்கயே பாலிஹவுஸ்ல வெளையுற கார்னேஷன், லில்லியம் போதும், காம்பு வளைஞ்சதா கேட்டா வெலை கம்மி. பச்சைக்கு சொந்தக்காரங்க தோட்டத்து சில்வர் ஓக் கெளை, கேட்டுட்டு வெட்டுங்க, காட்டுல கைய வெச்சுடாதீங்க. ஷாமியானா பந்தல் வெளிய போடவே போடாதீங்க, மஞ்சு, அதான் மூடுபனி, எறங்குனா சொட்டும், காத்தடிச்சா பறக்கும்.

போட்டோவுக்கு ஒரே ஆள், காலை வெளிச்சத்துலயே டீத்தோட்டத்துல எடுத்துடுங்க, மத்தியானத்துக்கு மேல மஞ்சு வந்தா எதிர்ல நிக்கிற மாப்ளயே தெரியாது. எஸ்டேட்ல மொதல்லயே அனுமதி கேட்டுக்கோங்க.

தாம்பூலத்துக்கு மஞ்சப்பையில தேங்காயோட கால் கிலோ டீத்தூள், அரசாங்க டீ கம்பெனி டேன்டீயோ கூட்டுறவு ஃபேக்டரியோ, எதுன்னாலும். அன்னூருக்காரங்க "ஏனுங்க, இன்னொரு பை கெடைக்குமுங்களா"ன்னு கேட்டு வாங்குனாங்க. கொடைக்கானல் பக்கம்னா மலைப்பூண்டு ஒரு கொத்து வெச்சு குடுங்க, வீட்டுக்கு போயும் மணக்கும்.

மண்டபமே வேண்டாம்னா கோயில்ல தாலி கட்டிட்டு பக்கத்து சமுதாயக்கூடத்துல சாப்பாடு போட்டுடலாம், கொடைக்கானல்ல குறிஞ்சி ஆண்டவர் மாதிரி எடத்துல கட்டுனா மேடை அலங்காரமே மிச்சம். வயசு சான்று, ஆதார், பத்திரிகை, இது முதல் கல்யாணம்னு ஒரு சான்று இதெல்லாம் கேப்பாங்க, கையில வெச்சுக்கோங்க. ஐயரும் வேண்டாம்னா சுயமரியாதை கல்யாணம் செல்லும், இந்து திருமண சட்டத்துல அண்ணா ஆட்சியில 1967ல கொண்டு வந்த 7-ஏ பிரிவு, சொந்தக்காரங்க முன்னாடி மால மாத்துனாலே போதும்.

எப்டி பண்ணாலும் 90 நாளுக்குள்ள சார் பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணிடுங்க, லேட்டானா கூடுதலா கட்டணும். அதுக்கு பத்திரிகை ஒண்ணு வேணும். செலவ கொறைக்கிறேன்னு எண்ணி நூறுதான் அடிச்சோம், எல்லாத்தையும் குடுத்து முடிச்சுட்டோம், கடைசியில அந்த ஜீப்பு மாமா வீட்டு ஃப்ரிட்ஜு மேல ஒட்டியிருந்தத உரிச்சு எடுத்துக்கிட்டு ஓடுனோம். ஒரு மூலையில ரசம் பட்ட கறையோடதான் அது ஆபீஸ்ல போய் சேந்துச்சு.