எடை குறைந்து பிறந்த பிள்ளைகளின் மூளை ஸ்கேன்: எத்தனை வாரம் என்று கேட்டீர்களா?

போன வாரம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி தன் அட்டவணையைக் காட்டினார். '2,500 கிராமுக்குக் கீழ்' என்ற ஒரே தலைப்பில் நாற்பது பிள்ளைகள், எல்லாரும் 14, 15 வயது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. நானும் இதே அட்டவணையைப் போட்டவன். எடை குறைந்து பிறந்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்து ஒப்பிடும்போது நாம் எங்கெங்கே சறுக்குகிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பல் கம்பி, உலோகம் பற்றியெல்லாம் ஸ்கேன் அறையிலேயே சொல்லிவிடுவார்கள், அதை விடுகிறேன்.

எடையை மட்டும் வைத்துக் குழு பிரிப்பது

30 வாரக் கர்ப்பத்தில் 1,400 கிராமோடு பிறந்த குழந்தை அந்த வாரத்துக்குச் சரியான எடைதான். சீக்கிரம் பிறந்துவிட்டது, அவ்வளவே. 39 வாரத்தில் 2,200 கிராம் என்றால் நாள் நிறைந்தும் வயிற்றில் வளர்ச்சி குறைந்திருக்கிறது. பல நேரம் நஞ்சுக்கொடி போதிய ஊட்டம் தந்திருக்காது. நம்மவர்களில் அம்மா சிறிய உடல்வாகு என்றால், ஒரு குறையும் இல்லாத குழந்தைகூட 2,400 கிராமில் பிறக்கும். மூன்றும் ஒன்றா?

கர்ப்பத்தின் 24 முதல் 32 வாரம் வரை, நரம்பிழைகளுக்கு உறை போடப்போகும் இளம் செல்கள் ஆக்சிஜன் குறைவையும் அழற்சியையும் தாங்காது. அதனால் அடிபடுவது வெண்பொருள், அதாவது மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைக் கற்றைகள். நார்வேயின் ட்ரான்ட்ஹெய்மில் 1986-88இல் 1,500 கிராம் வரை எடையோடு பிறந்தவர்களை 15 வயதில் ஸ்கேன் செய்தபோதும் அந்தத் தடம் தெரிந்தது. நாள் நிறைந்து பிறந்த பிள்ளைகளை இவர்களோடு கலந்தால் அந்தத் தடம் கரைந்துபோகும். எனக்குக் கரைந்தது. கட்டுரையைப் பரிசீலித்தவர் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை வாரத்தில் பிறந்தார்கள்? என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் அம்மாக்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் ஓர் அக்கா, பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரியில் வைத்திருந்த, மகன் பிறந்த விவரம் எழுதிய சுகாதாரப் புத்தகத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். நீல மையில் 31 வாரம், 4 நாள். "ஆறு வாரம் இன்குபேட்டர்ல இருந்தான் தம்பி" என்று அந்த வரியைத் தடவிக்கொடுத்தார். இப்படியே ஏழு மாதம் போனது. பதினொரு பிள்ளைகளின் வாரக் கணக்கு கடைசிவரை கிடைக்கவில்லை; அவர்கள் ஸ்கேனரில் படுத்துக் கிடந்த நேரமெல்லாம் வீண். அது இன்னும் உறுத்துகிறது. 2009இல் இங்கே தொடங்கிய, தாயையும் பிள்ளையையும் தொடர்ந்து கவனிக்கும் கஸ்டோ (GUSTO) ஆய்வில் தாய்மாரைக் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலேயே சேர்த்தார்கள். அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நீங்கள் முதல் நாளே புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அசைவைக் கவனிக்காதது

ஸ்கேன் எடுக்கும்போது தலை லேசாக அசைந்தாலே மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, மெலிந்ததுபோல் காட்டும். குறைப்பிரசவப் பிள்ளைகளில் கவனக்குறைபாடு சற்று அதிகம், அசைவும் கூடும். அப்போது நீங்கள் அளப்பது பிறப்பின் விளைவையா, அசைவையா? ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அசைவைக் குறித்துவைத்துக் குழுக்களை ஒப்பிடுங்கள்.

தலை அளவு

மண்டையறைக் கொள்ளளவை, அதாவது மண்டையோட்டுக்குள் இருக்கும் மொத்த இடத்தை, கணக்கில் எடுத்தும் எடுக்காமலும், இரண்டு எண்களையும் கொடுங்கள்.

நடுவில் ஸ்கேனரை மாற்றுவது

வேண்டாம்.

சராசரியைத் தாயிடம் சொல்வது

"என் பிள்ளை மூளையில ஏதும் குறையா தம்பி?" என்று அதே அக்கா கேட்டார். குழுவின் சராசரி அவர் மகனைப் பற்றி எதுவும் சொல்லாது என்றேன். படத்தில் ஏதாவது தென்பட்டால் கதிரியக்க மருத்துவர் பார்த்துச் சொல்வார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் நான் சொல்வதில்லை.