1948 காந்தி தபால்தலை கிடைத்தால் அவசரப்படாதீர்கள்

பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறும்போது காந்தி முகம் போட்ட தபால்தலை அகப்பட்டால் யாருக்கும் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பில் பாழாய்ப்போன தபால்தலைகள் ஏராளம்.

சுதந்திரத்தின் முதலாம் ஆண்டு நிறைவன்று, 1948 ஆகஸ்ட் 15இல் வெளியான வரிசை இது. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய் என மொத்தம் நான்கு. காந்தி பிறந்த தேதியும் மறைந்த தேதியும் இருக்கும். 'பாபு' என்ற சொல் இந்தியிலும் உருதுவிலும் இருக்கும். சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை இதுதான் என்று சொல்லிப் பலர் விற்கிறார்கள். அது தவறு. 'ஜெய் ஹிந்த்' என்று எழுதிய மூன்றரை அணா கொடித் தபால்தலை 1947 நவம்பர் 21லேயே வந்துவிட்டது.

உறையோடு கிடைத்தால் உறையோடே வைத்திருங்கள். பத்து வயதில், வீட்டில் இருந்த ஒரு பழைய கடித உறையிலிருந்து ஒன்றரை அணா காந்தியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். அஞ்சலக வட்ட முத்திரையின் பாதி தபால்தலையோடு வந்தது, ஊர்ப் பெயர் இருந்த மீதிப் பாதி குப்பைக்குப் போனது. எந்த ஊரில் போட்ட கடிதம் என்று இனி தெரியவே தெரியாது. அது இன்றும் மனதை உறுத்துகிறது. ஏற்கெனவே வெட்டிய துண்டாகக் கிடைத்தால், சாதாரணத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தானாகக் கழன்று வரும்வரை காத்திருங்கள். வெந்நீரும் ஆவியும் வேண்டாம். பயன்படுத்தாத தலையாக இருந்தால் தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது. பின்புறக் கோந்து போய்விட்டால் மதிப்பும் போச்சு.

அப்புறம், போலிகள். பத்து ரூபாய்த் தலைக்குத்தான் போலி அதிகம். முகத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. படத்தை யாரும் நகல் எடுத்துவிடலாம். ஓரத்தையும் அச்சையும் பாருங்கள். இவை ஸ்விட்சர்லாந்தில் கூர்வாசியே அச்சகத்தில் போட்டோகிராவூர் (குழிகளில் மை நிரப்பி அச்சிடும்) முறையில் அச்சானவை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் நிழல் பகுதிகள் மெல்லிய வலைபோல ஒன்றோடொன்று இழைந்திருக்கும். தனித்தனிப் புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஓரத்துளைகளின் அளவு பதினொன்றரை, அதாவது 2 செ.மீ. நீளத்துக்குப் பதினொன்றரைத் துளை. துளை அளவுகோல் அட்டை ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அக்காலத்தில் நாசிக்கில் அச்சான தலைகளை வெளிச்சத்தில் பிடித்தால் நட்சத்திர நீர்க்குறி தெரியும். அதை இதிலும் தேடி, காணோம் என்றதும் நல்ல தலையைப் போலி என்று ஒதுக்கியவர்களும் உண்டு. ஸ்விஸ் அச்சில் அந்தக் குறி கிடையாது.

'சர்வீஸ்' என்று ஆங்கிலத்தில் படத்தின்மேல் கூடுதலாக அச்சிட்ட காந்தி தலையை யாராவது காட்டினால் இன்னும் கவனமாக இருங்கள். கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்காக மிகக் குறைந்த எண்ணிக்கையில் தந்தவை அவை. அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் நம் ராஜாஜி. அந்தப் பத்து ரூபாய்த் தலை நான்கு சேர்ந்த தொகுதி ஒன்று 2017இல் இங்கிலாந்தில் 5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. அந்த விலைக்கு ஆசைப்பட்டுச் சாதாரணத் தலைமேல் எழுத்தை அச்சிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். நிபுணர் குழுவின் சான்றிதழ் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பத்திரப்படுத்துவதிலும் கோட்டை விடுகிறோம். செலோ டேப் ஒட்டாதீர்கள், அதன் மஞ்சள் கறை போகவே போகாது. விரலால் எடுக்காமல் நுனி மழுங்கிய ட்வீசரால் எடுங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் கோந்து தானாகவே இளகும். மழைக்காலத்தில் ஆல்பத்தைப் படுக்கப் போட்டு மேலே புத்தகங்களை அடுக்கினால் தலைகள் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். நிமிர்த்தி வையுங்கள், பக்கத்தில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடுங்கள்.