கியரை எப்போது மாற்றுவது: வன்னியில் கார் பழகுவோருக்கு

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதி பெரும்பாலும் நேராகவும் மட்டமாகவும் கிடப்பதால், அதில் மட்டும் ஓட்டிப் பழகியவர் ஐந்தாம் கியரைப் போட்டபின் கியரையே மறந்துவிடுகிறார். குளக்கட்டிலோ கிறவல் ஒழுங்கையிலோ இறங்கியதும்தான் தடுமாற்றம் தொடங்குகிறது.

பொதுவான கணக்கு எளியது. முதலாம் கியர் வண்டியை நகர்த்துவதற்கு மட்டுமே. மணிக்கு 15 முதல் 20 கிலோமீற்றரில் இரண்டாவது, 30 அளவில் மூன்றாவது, 45 அளவில் நான்காவது, 60ஐத் தாண்டிச் சீராக ஓடும்போது ஐந்தாவது. இது வண்டிக்கு வண்டி சற்று மாறும். பெற்றோல் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 முதல் 2500 சுற்றுகளை எட்டும்போது கியரைக் கூட்டலாம். டீசலில் அதற்குச் சற்று முன்னரே கூட்டலாம்.

ஆயினும் மானியைவிடக் காதையே நம்புமாறு நான் சொல்வேன். பழகும் நாட்களில் பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். இரைச்சல் உயர்ந்தும் வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் கியரைக் கூட்ட வேண்டும். அக்சிலேற்றரை மிதித்தும் வண்டி இழுக்காமல், லீவரில் வைத்த உள்ளங்கை அதிரும்படி எஞ்சின் குமுறினால் உடனே குறைக்க வேண்டும். அந்தக் குமுறலோடு தொடர்ந்து ஓட்டுவது எஞ்சினுக்குக் கேடு.

மாலையில் வீதியின் நடுவே மாடுகள் படுத்திருக்கக் கண்டு பிரேக் பிடித்து வேகம் 25க்கு இறங்கிவிட்டால், ஒவ்வொரு கியராக இறங்கத் தேவையில்லை. கிளச்சை முழுமையாக மிதித்து ஐந்திலிருந்து நேரே இரண்டுக்கு வரலாம். வேகம் குறையாமல் அப்படிச் செய்தால் மட்டும் எஞ்சின் அலறும், சக்கரமும் வழுக்கக்கூடும்.

குளக்கட்டில் ஏறும்போதுதான் பலர் பிழை விடுகின்றனர். பாதி ஏற்றத்தில் வண்டி திணறிய பிறகு கிளச்சை மிதித்தால், கியர் விழுவதற்குள் இருந்த வேகமும் போய், வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கும். ஆகவே ஏற்றம் தொடங்குமுன்னரே இரண்டாம் கியருக்கு வந்துவிட வேண்டும். செங்குத்தான கட்டாயின் முதலாம் கியர். ஏறிய கியரிலேயே மறுபக்கம் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. நியூட்ரலில் இறங்குவது எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று சொல்வதைக் கேட்காதீர்கள்.

முல்லைத்தீவுக் கரையோர மணற்பாதைகளில் நுழையுமுன் இரண்டாம் கியரைப் போட்டு, மணலைத் தாண்டும்வரை அதை மாற்றாமல், சீரான மிதியில் செல்லுங்கள். நடுவில் கிளச்சை மிதித்த கணமே வேகம் அறுந்து சக்கரம் புதைந்துவிடும்.