முதல் பேட்ச் அனுப்பியவர் திரும்பி வராதபோது

எங்கள் திறமூல மென்பொருள் திட்டத்துக்கு ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்புபவர்கள் இரண்டாவது அனுப்பாமலே போய்க்கொண்டிருந்தார்கள். காரணம், அழுத்தப்படாமல் கிடந்த ஒப்புதல் பொத்தான்.

கிட்ஹப் தளத்தில் நிரலை வைத்திருக்கும் பொதுக் களஞ்சியத்தில் முதன்முறை பங்களிப்பவரின் மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் புல் ரிக்வெஸ்டுக்கு கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற தானியங்கிச் சேவையின் சோதனைகள் தானாக ஓடாது. பராமரிப்பவர் அனுமதிக்க வேண்டும். இயல்பான அமைப்பே அதுதான். பாவம், சோதனை தேறியதற்கான பச்சைக்குறி வரும் என்று நாட்கணக்கில் காத்திருந்திருக்கிறார்கள். இப்போது தினமும் ஒருவர் முறைவைத்துப் பார்க்கிறோம். மாற்றம் சோதனைகளை இயக்கும் வொர்க்ஃப்ளோ கோப்புகளைத் தொடுகிறதா என்று முதலில் படித்துவிட்டுத்தான் அனுமதி. முழு மதிப்பாய்வு தாமதமானாலும் 48 மணி நேரத்துக்குள் ஒரு வரி பதில் போய்விடும்.

புதியவர்களுக்கேற்ற வேலை என்று காட்டும் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' லேபிளை மட்டும் ஒட்டினால் யாரும் எடுப்பதில்லை. எந்தக் கோப்பு, எந்த ஃபங்ஷன், எந்தச் சோதனை தேற வேண்டும் என மூன்றையும் எழுதிய பிறகே ஆட்கள் வந்தார்கள். சின்ன வேலையை நாமே முடித்துவிடத்தான் கை துடிக்கும், ஐந்தையாவது விட்டுவையுங்கள்.

பிறர் பயன்படுத்த அனுமதி தரும் உரிமக் கோப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் பதிப்புரிமை முழுவதும் எழுதியவரிடமே நிற்கும்.

பங்களிப்பவர்களுக்கு வழிகாட்டும் கான்ட்ரிபியூட்டிங் கோப்பிலுள்ள நிறுவல் கட்டளைகளை வெற்று டாக்கர் கன்டெய்னரில் (கணினியில் இருப்பவை எட்டாத தனிச் சூழல்) வரிக்கு வரி ஓட்டினோம். எங்கள் கணினிகளில் ஏற்கெனவே இருந்ததால் எழுதாமல் விட்ட இரண்டு நிரல் நூலகங்கள் அப்போதுதான் தெரிந்தன.